விழவும் கற்றுக்கொள்ளலாம்: உங்கள் ஊரில் ஜூடோ கிளப் தேடும்போது

விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் நிரைகளில் நடந்து பழகிய கால்கள் உங்களுடையவை. மேடு பள்ளத்திலும் தடுமாறாத அந்தக் கால்கள், இன்று சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள வீட்டின் ஈரக் குளியலறையில் வழுக்கிவிடுகின்றன. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். பிறகு மாதக்கணக்கில் பிறர் துணை வேண்டும். விழுந்துவிடுவோம் என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்தாலும் கால் தசை மெலிந்து, விழும் ஆபத்து கூடுகிறது.

ஜூடோ இளைஞர்களின் சண்டைக் கலைதானே என்று நினைக்கலாம். 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ தொடங்கிய இக்கலையில், ஆளைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதன் பெயர் உக்கெமி. தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காப்பது, முதுகை வளைத்து உருள்வது, உள்ளங்கையை ஊன்றாமல் கை முழுவதையும் மெத்தையில் தட்டுவது எல்லாம் இதில் அடங்கும். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். சுவீடனில் மூத்தவர்களுக்கென்றே இப்படி வகுப்புகள் நடக்கின்றன. தரையிலிருந்து தானே எழுந்திருக்கவும் பழகுவதுதான் இதில் பெரிய லாபம்.

கிளப் எங்கே இருக்கிறது என்று மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கிளப்பா என்றும் விசாரியுங்கள். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். மெத்தைகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். மூத்தவர்களுக்குப் படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும்தான் பயிற்சி தொடங்க வேண்டும். முதல் நாளே தூக்கிப் போட்டுக் காட்டுகிறேன் என்கிற பயிற்றுநர் எவ்வளவு திறமைசாலியானாலும் உங்களுக்கு வேண்டாம்.

அதற்கு முன் சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். எலும்புத் தேய்மானம், தலைச்சுற்றல், இதய நோய், மாற்று மூட்டு இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு இந்தப் பயிற்சி ஏற்றதல்ல. வீட்டில் சிமெண்டுத் தரையில் விழுந்து பழகவே கூடாது.

பீடோங், பாடாங் செராய் போன்ற ஊர்களின் தோட்டங்களிலிருந்து கிளப் தூரமாக இருக்கலாம். அப்படியானால் சுகாதார கிளினிக்கின் மூத்த குடிமக்கள் கிளப்பிலோ, சமூக நல இலாகாவின் கீழுள்ள ‘பாவே’ மையத்திலோ உடற்பயிற்சி உண்டா என்று கேளுங்கள். வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தைச்சியும் இதற்கு நல்லது.

முதல் வகுப்புக்குப் போகும்போது மருந்துப் பட்டியலையும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுங்கள்.