உளிக்கும் ஒரு வெட் கிரைண்டர்!

வெட் கிரைண்டர் என்றதும் உங்களுக்கும் எனக்கும் இட்டிலி மாவுதானே ஞாபகத்துக்கு வரும்? சேலத்தில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போயிருந்தேன். "கொஞ்சம் இருங்கம்மா, உளியை வெட் கிரைண்டரிலே பிடிச்சுட்டு வந்துடறேன்" என்றார் பட்டறைக்காரர். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது!

நான் போன காரியம் சிறியது. வீட்டு மத்து உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். பட்டறையில் கட்டில் கால்களும், தொட்டில் கட்டைகளும், சப்பாத்திக் குழவிகளும் கடைந்து அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடிப்பாகம் முழுகியபடி, சாம்பல் நிறச் சாணைக்கல் ஒன்று ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தது. தீப்பொறி இல்லை, காதைத் துளைக்கும் கிறீச்சொலியும் இல்லை.

"இது ஏன் இத்தனை சோம்பேறியாகச் சுற்றுகிறது?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அதுதாங்கம்மா இதோட கெட்டிக்காரத்தனம்!"

சாதாரண மின்சாரச் சாணை நிமிஷத்துக்குச் சுமார் 2,800 தடவை சுற்றும். இது சுமார் 90 தடவைதான். வேகமான உலர்ந்த கல்லில் பழைய கார்பன் எஃகு உளியைச் சற்றே அழுத்தினால் போதும், முனையில் நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று என்று அர்த்தம். தீட்டிய கூர் நாலு கட்டை கடைவதற்குள் மழுங்கிவிடும். இந்நாளைய ஹை-ஸ்பீடு எஃகு அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்றாலும், தண்ணீரில் நனைந்த கல்லில் சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் பெரியவருக்குக் கூர் மட்டும் பெரிதல்ல. "கூராக்க யாராலும் முடியும். நேத்து இருந்த அதே சாய்வு இன்னிக்கும் வரணும். அதுதான் தொழில்" என்றார்.

உளியின் சாய்வு தடவைக்குத் தடவை மாறினால் இரண்டு நஷ்டங்கள். ஒவ்வொரு முறையும் முகத்தைப் புதிதாகத் தேய்க்க வேண்டியிருப்பதால் எஃகு வீணாகிறது; விலை கொடுத்து வாங்கிய உளி சீக்கிரமே குட்டையாகிவிடுகிறது. இரண்டாவது நஷ்டம் பொல்லாதது. கைக்குப் பழகிய சாய்வு மாறிவிட்டால், சுழலும் மரத்தில் உளி வெடுக்கென்று கடித்துவிடும். முக்கால் வாசி முடிந்த கட்டில் காலில் ஒரு பெரிய வெட்டு விழும். அன்றைய கூலி போயிற்று. கை தப்பினால் புண்ணியம்.

இதற்கு அவர் வைத்திருக்கும் வழி வெகு சுலபமானது. உளியைக் கவ்விக்கொள்ள ஓர் இரும்புப் பிடி. பிடி சாய்ந்து நிற்க ஒரு குறுக்குக் கம்பி. பிடிக்கு வெளியே உளி எவ்வளவு நீள வேண்டும், கம்பி கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு உளிக்கு ஒன்றாக அளவுக் கட்டைகள் செய்து ஆணியில் மாட்டியிருக்கிறார். நாம் அரிசிக்கு ஆழாக்கு வைத்திருப்பதுபோலத்தான்!

கல்லும் தேய்ந்து சிறிதாகுமே? அதற்கு மை வைத்தியம். உளியின் சாய்ந்த முகத்தில் மையைத் தடவி, கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். பின்பக்கம் மட்டும் மை அழிந்தால், கல் கூரைத் தொடவே இல்லை. நுனியில் மட்டும் அழிந்தால் சாய்வு செங்குத்தாகிவிட்டது. முகம் முழுவதும் சீராக அழிந்தால் சரி. தீட்டிய பிறகு நுனியில் நிற்கும் பிசிறைத் தோல் சக்கரத்தில் எடுக்கிறார். வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை மறக்காமல் இறைத்துவிடுகிறார். ஒரு பக்கம் மட்டும் ஊறிய கல் சீராகச் சுற்றாதாம்.

"இது என்ன கல்?" என்றேன். "கம்பெனிக் கல்லுங்க" என்று முடித்துவிட்டார். ஆனால் இதன் பூர்வீகம் நம்மிடமும் இருக்கிறது. அந்நாளில் குருந்தக் கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கில் கலந்து சாணைச் சக்கரம் செய்தார்கள். கடினத்தில் வைரத்துக்கு எண் 10 என்றால், குருந்தத்துக்கு 9. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். உங்கள் தோட்டில் மின்னும் மாணிக்கமும் நீலமும்கூட அந்தக் குலத்துப் பெண்களே! இன்றைய சாணைக் கற்கள் பலவற்றில் இருப்பது, மின்சார உலையில் செய்த செயற்கைக் குருந்தம்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இந்தக் குருந்தம் உண்டு. நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்த பாறை அது. 2019-ல் சந்திரயான்-2 புறப்படுவதற்கு முன்பு, கலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நிலவு மண்ணைச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் தயாரித்தார்கள்!

மத்து அரை மணியில் தயாராயிற்று. உப்புத்தாள் படாமலே வழவழவென்றிருந்தது. நல்ல கூருக்கு அதுவே சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் காய்கறிக் கத்தியில் மையைத் தடவி, வழக்கம்போல் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தேன். வாய் ஓரத்து மை அப்படியே இருந்தது. மேலே ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தது. இத்தனை வருஷமாக நான் தீட்டியது கத்தியின் கன்னத்தை, வாயை அல்ல!

நீங்களும் ஒருமுறை மை தடவிப் பாருங்களேன்.