நடுவுக்கு வரும் வேட்பாளரும் கரியாலூர் ஓட்டும்

கட்சிக்காரர்களின் ஓட்டை மட்டும் நம்பி யாரும் ஜெயிப்பதில்லை. எந்தக் கட்சியிலும் சேராதவர்கள், கடைசி நேரம்வரை யோசிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்காக வேட்பாளர் தன் கொள்கையைத் தணித்துக்கொண்டு நடுவுக்கு வரலாமா?

1957-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். வாக்காளர்களைக் கருத்துப்படி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிறுத்துங்கள். போட்டி இரண்டே கட்சிக்குள் என்றால், நட்டநடுவில் நிற்பவரைப் பிடிப்பவருக்கே வெற்றி. அமெரிக்காவில் முதலில் சொந்தக் கட்சி ஆதரவாளர்களிடம் ஓட்டு வாங்கித்தான் வேட்பாளராகவே ஆக முடியும். அதனால்தான் அங்கே உட்கட்சித் தேர்தலில் ஒரு பேச்சும் பொதுத்தேர்தலில் வேறு பேச்சுமாக இருக்கிறது.

இங்கே வேட்பாளரை அறிவிப்பது கட்சித் தலைமை. நடுவுக்கு நகர்வதும் தலைமைதான், பெரும்பாலும் கூட்டணி வழியாக. 1962-ல் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். மறு ஆண்டு பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தபோது திராவிட நாடு கோரிக்கையைக் கட்சி கைவிட்டது. பிறகு ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் ஒரே அணிக்கு வந்தார்கள். மேடைகளில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி முழங்கியது. 1967-ல் காங்கிரசுக்கு ஏறத்தாழ 41 சதவீத ஓட்டு, தி.மு.க.வுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் 137 இடங்களோடு ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. இந்தி எதிர்ப்பை மட்டும் அண்ணா விடவே இல்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்தறிந்த அந்த நகர்வு சரியானது என்பதே என் கருத்து.

ஆனால் எல்லா நகர்வும் அப்படி இல்லை. கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர், சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அது பொதுத் தொகுதி. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. சங்கராபுரத்தில் ஓட்டு அதிகம் இருப்பது மலைக்குக் கீழே. அங்கே பேச்சு கரும்பு விலை, சர்க்கரை ஆலை, பாசனத் தண்ணீர். மேலே மலையாளிப் பழங்குடியினர் கேட்பது வேறு: எஸ்.டி. சான்றிதழ், 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா, குக்கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்கு ஒரு தார்ச்சாலை. வேட்பாளர் தொகுதியின் நடுவைத் தேடிப் போகப் போக, இவை பிரச்சாரத்திலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. இத்தனைக்கும் இவற்றில் தீவிரக் கொள்கை எதுவும் இல்லை. கேட்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான்.

ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை தேர்தல் பிரச்சாரங்களும் செய்யாத வேலை அது.

எனவே பேச்சில் நிதானமும் கூட்டணியில் விரிவும் வேட்பாளருக்கு நல்லதே. சிறு கூட்டத்தின் நியாயமான கோரிக்கையை அதற்கு விலையாகக் கொடுக்கக் கூடாது. கரியாலூருக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எந்தச் சாலை, எத்தனை பட்டா, எந்த ஆண்டுக்குள் என்று கேளுங்கள். மலையில் சொன்ன பதிலைச் சங்கராபுரம் மேடையிலும் சொல்லச் சொல்லுங்கள்.