நகரத்தில் கோழி வளர்க்கலாமா?

திருத்தணி முருகனின் கொடியில் இருக்கும் சேவலைக் கைகூப்பித் தொழும் நாம், அடுத்த வீட்டுச் சேவல் விடியுமுன் கூவினால் சினங்கொள்கிறோம். கனகம்மாசத்திரம் போன்ற சிற்றூரில் இது திண்ணைச் சச்சரவோடு முடிந்துவிடும். வீடுகள் நெருங்கிய நகரத்திலோ சட்டம் குறுக்கிட வேண்டியதாகிறது.

2017ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சின் மிங் பகுதியில், தெருவில் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றனர். இரைச்சல் பற்றி வந்த புகார்களோ சுமார் இருபதே. செய்தி அறிந்து மக்கள் பலர் வருந்தினர்.

மாணவர்களே, கூவுவது சேவல். பெட்டை முட்டையிட்டதும் சிறிது கொக்கரிக்கும், அவ்வளவே. முட்டையிடுவதற்குச் சேவலே வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்குத்தான் வேண்டும். இதையறிந்தே நியூயார்க் நகரம் பெட்டைகளை அனுமதித்துச் சேவலை விலக்கியிருக்கிறது. அறிவுடைய ஏற்பாடு என்பேன்.

நோயச்சம் வீண் அச்சமன்று. 2006இல் மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் பரவியபோது கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்க நேர்ந்தது. வெள்ளைக்கழிச்சலுக்கோ தடுப்பூசி உண்டு. நாற்றம் பெரும்பாலும் ஈரத்தால் வருவது. கூண்டில் உலர்ந்த உமியைப் பரப்பி அடிக்கடி மாற்றினால் குறையும்.

எனவே நகராட்சி கோழிகளின் எண்ணிக்கையையும், கூண்டுக்கும் அண்டை வீட்டுக்கும் உள்ள இடைவெளியையும், தடுப்பூசியையும் வரையறுக்கட்டும். முழுத்தடை விதித்தால், வேலை கிடைக்காத நாளில் நான்கு முட்டை விற்று உப்பு புளி வாங்கும் குடும்பமே முதலில் இழக்கும்.