கூட்டாளிக்குத் தெரிந்தால் ஊருக்கே நல்லது!

வயசுக்கு வந்த மகளுக்கு ஊரைக் கூட்டி விழா எடுப்போம். மாதவிலக்கு ஏன் வருகிறது என்று சொல்ல மாட்டோம். மீசை அரும்பும் மகனிடம் அந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் சந்தேகம் கேட்பதெல்லாம் கூட்டாளிகளிடம்தான்.

அந்தக் கூட்டாளிக்கே சரியான விவரம் தெரிந்திருந்தால்? 2014-ல் மத்திய அரசு தொடங்கிய 'ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய கார்யக்ரம்' திட்டத்தின் யோசனை இதுதான். 10 முதல் 19 வயதினருக்கான இதில், ஆயிரம் பேர் வசிக்கும் கிராமத்துக்கு 2 பையன்கள், 2 பெண்கள் என 4 பேருக்குப் பயிற்சி. மாதவிலக்கு, இளவயதுக் கர்ப்பம், பால்வினை நோய் என எதையும் தங்கள் வயதினரிடம் கூச்சமின்றிப் பேசுவது இவர்கள் வேலை.

இவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் பயிற்சி, கையேடு, கூட்டம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. வயது கடந்து ஒருவர் விலகினால், அடுத்தவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அந்த நிதி நின்றால், பிள்ளைகள் மறுபடியும் செல்போனைத்தான் கேட்பார்கள். அது என்ன காட்டும் என்று நமக்கே தெரியும்!