கீழாநெல்லியும் மேற்கோள் கணக்கும்

1988 அக்டோபரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. மழை பெய்தால் ராசிபுரம் பக்கத்து வரப்புகளில் தானாக முளைக்கும் கீழாநெல்லிதான் அதன் பொருள். முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன். ஐந்தாவது பெயர் பாரூக் பிளம்பர்க். காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஆய்வுக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த வைரஸை நாள்பட்டுச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்தார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. முதற்கட்ட ஆய்வு என்று ஆசிரியர்களே எழுதியிருந்தார்கள்.

காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அதற்கு லான்செட்டில் இடம் கிடைத்தது என்றால் உலகம் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். அப்படிப் பார்த்ததை அளக்கும் கோல்தான் மேற்கோள் எண்ணிக்கை: ஒரு கட்டுரையைப் பின்வந்த எத்தனை கட்டுரைகள் தம் ஆதாரப் பட்டியலில் குறிப்பிட்டன என்ற கணக்கு. யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1960-களில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். 

ஆனால் இந்தக் கோலுக்குப் பாராட்டும் மறுப்பும் ஒன்றுதான். 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் கீழாநெல்லியைச் சோதித்து, வைரஸின் மேலுறைப் புரதம் மறையவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். 1994-இல் நியூசிலாந்திலிருந்தும் அதே முடிவு வந்தது. மறுப்பவரும் மூலக் கட்டுரையைச் சுட்டித்தானே மறுக்க வேண்டும்? ஒவ்வொரு மறுப்பும் 1988 கட்டுரையின் கணக்கில் ஒன்றைக் கூட்டியது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கட்டுரைகளைப் படித்தால்தான் தெரியும்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. பிளம்பர்க் குழு 1987-இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. மறு ஆண்டு அது ஃபில்லாந்தஸ் அமாரஸ் ஆனது. ஒரு பெயரில் தேடினால் மறு பெயரில் உள்ளவை தப்பிவிடும். ஆட்களின் பெயரும் இப்படித்தான். அட்டவணைகள் குடும்பப் பெயரைத் தேடுகின்றன. தமிழருக்கோ இருப்பது தலைப்பெழுத்து. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் ‘ஆர்’ ராசிபுரம் என்ற ஊர்ப்பெயர். அவர் விஞ்ஞானியாகி, படிவத்தில் முழுப் பெயரை எழுதியிருந்தால், அவருடைய கட்டுரைகளில் பாதி ‘ராசிபுரம்’ என்ற ஆசிரியரின் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனி எண் தரும் ‘ஆர்கிட்’ முறை 2012-இல்தான் வந்தது.

தனி ஆய்வாளரை அளக்க இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் ஹெச்-குறியீட்டைத் தந்தார். தலா குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் குறியீடு 20. ஒரே ஒரு கட்டுரை பெரும்புகழ் பெற்றாலும் இதில் அது ஒன்றுதான். இதுவும் துறைக்குத் துறை மாறும். மனித நோயெதிர்ப்பியலில் எழுதுவோர் மிகுதி, அதனால் மேற்கோளும் மிகுதி. மாறாக, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியிருப்பது கோழிப்பண்ணை வட்டாரம். அங்கே கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை ஆராய்பவரும் நோயெதிர்ப்பியலாளர்தான். அவருடைய வேலையின் பயன் பண்ணையில் சாகாமல் நிற்கும் கோழிகளில் தெரியும். அதை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. இரு துறையினரின் எண்களை அருகருகே வைத்துப் பதவி உயர்வு முடிவு செய்வது அநியாயம்.

மேற்கோள்களை எண்ணாமல் ஆய்வுகளையே எடைபோடும் முறையும் உண்டு. காக்ரேன் அமைப்பு 2011-இல் கீழாநெல்லி இனச் செடிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு அவை வெற்று மருந்தைவிட மேலானவை என்று நம்பத்தக்க சான்று இல்லை என்பது அதன் தீர்ப்பு.