கலகமும் காரணமும்



கலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கல்லும் தீயும் கொள்ளையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அநீதியை எதிர்த்து மக்கள் அமைதியாக எழுந்தால் அதனைக் கிளர்ச்சி என்று போற்றுகிறோம். அம்மக்களே தீப்பந்தம் ஏந்தினால் கலகம் என்று பழிக்கிறோம். இரண்டும் வேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒன்றைப் பழித்துவிட்டதனாலேயே நாம் அதனை அறிந்தவர் ஆகிவிடமாட்டோம். பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். ஒரு கலகத்தைப் பற்றிப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் என்று மாணவர்க்குக் கூறுவது என் வழக்கம். மக்கள் எதனைத் தாக்கினர்? அதற்குமுன் எவ்வெவ்வாறு முறையிட்டனர்? பின்னர் எது மாறிற்று, எது மாறவில்லை? இம்மூன்று வினாக்களையும் 1875ஆம் ஆண்டில் நிகழ்ந்த தக்காணக் கலகத்தின்மீது செலுத்திப் பார்ப்போம்.

இன்றைய மகாராஷ்டிரத்தில், புனே மாவட்டத்தில், சூபா என்றோர் ஊர் உண்டு. அது அக்காலத்தில் ஒரு சந்தை ஊர்; கடைக்காரர்களும் வட்டிக்குப் பணம் கொடுப்போரும் அங்கு மிகுதியாக வாழ்ந்தனர். 1875ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து குடியானவர்கள் அங்குத் திரண்டு வந்து வட்டிக்காரர்களைச் சூழ்ந்துகொண்டனர். அவர்கள் முதலில் கேட்டவை பணமோ நகையோ அல்ல. கடன் பத்திரங்களும் கணக்குப் பேரேடுகளுமே. கைக்குக் கிடைத்தவற்றை அவர்கள் தீயிட்டுக் கொளுத்தினர். தானியக் கடைகள் சில சூறையாடப்பட்டன; சில வீடுகளும் எரிந்தன. கலகம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவிற்று. முப்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் அதில் சிக்கின. எனினும், பத்திரங்களைக் கொடுத்துவிட்ட வட்டிக்காரர்மீது பெரும்பாலும் கை நீளவில்லை. எங்குப் பத்திரம் மறுக்கப்பட்டதோ அங்கேயே வன்முறை மிகுந்தது.

இதுவே முதல் வினாவிற்கு விடை. எழுத்தறியாத மக்கள் எழுத்தை எரித்தார்கள். ஏன்?

அப்பகுதியில் நடைமுறையில் இருந்தது ரயத்துவாரி நிலவரி முறை. அரசாங்கம் இடைத்தரகர் இன்றிக் குடியானவரிடமே நேரடியாக வரி பெறும் முறை அது. நம் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய முறையே பின்னர்ப் பம்பாய் மாகாணத்திலும் பரவிற்று. மழை பெய்தாலும் பொய்த்தாலும் வரியைப் பணமாகச் செலுத்த வேண்டும்; தவணை தவறினால் நிலத்திற்கே ஆபத்து. ஆகவே குடியானவர் வட்டிக்காரரின் வாயிலை அடைந்தார்.

1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகள் பயன்படுத்திய பஞ்சில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவரை அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது தடைப்படவே, எல்லோருடைய கண்களும் இந்தியாவின் பருத்தியை நோக்கின. விலை ஏறிற்று; பருத்தி பயிரிடுவோர்க்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. 1865ஆம் ஆண்டில் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு மீண்டும் கப்பலேறியது. இங்கு விலை வீழ்ந்தது. கடனை வழங்கிய கைகளே இப்போது கடனைக் கேட்டு நீண்டன. அந்தத் தருணத்தில் முப்பதாண்டு நில அளவைக் கெடு முடிந்து, புதிய வரித்திட்டம் வந்தது. பல இடங்களில் நிலவரி நூற்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உயர்த்தப்பட்டது. வருவாய் குறைந்த காலத்தில் வரி கூடிற்று; வரி கூடிய காலத்தில் கடன் மறுக்கப்பட்டது.

இனிச் சட்டம் என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். கடன் பத்திரம் மூன்றாண்டு வரைதான் செல்லும் என்று 1859ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. வட்டி நெடுங்காலம் குவியாமல் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் விளைவு நேர்மாறாயிற்று. மூன்றாண்டு முடிந்தவுடன், செலுத்தாத வட்டியை முதலோடு கூட்டிப் புதிய பத்திரம் எழுதப்பட்டது; அதற்கும் வட்டி ஏறிற்று. கடனாளி தாம் படிக்க இயலாத தாளில் கைந்நாட்டு இட்டார். கட்டிய பணத்திற்குப் பல சமயங்களில் ரசீது கிடைக்கவில்லை. வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்ற பழைய ஊர்வழக்கு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அங்குப் பத்திரமே பேசிற்று. 100 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி விதிக்கப்பட்ட ஒரு வழக்கினைப் பின்னர் விசாரணைக் குழுவே கண்டறிந்தது. ஆகவே, அக்குடியானவருக்குக் கடன் பத்திரம் வெறும் தாளன்று. தம் நிலத்தையும் மாட்டையும் இழுத்துச்செல்லும் கயிறு அது.

இரண்டாம் வினாவிற்கு வருவோம். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே தீயைத் தேடினார்களா? இல்லை. 1870ஆம் ஆண்டில் தோன்றிய பூனா சார்வஜனிக சபை, உயர்த்தப்பட்ட வரியை எதிர்த்து மக்கள் சார்பில் முறையிட்டது. 1874ஆம் ஆண்டில் சிரூர் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் வட்டிக்காரரோடு ஒத்துழையாமை மேற்கொண்டனர். நாவிதர் சவரம் செய்யவில்லை. சலவையாளர் துணி எடுக்கவில்லை. கடையில் எவரும் பொருள் வாங்கவில்லை. வட்டிக்காரர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வண்டி ஓட்டவும் ஆள் வரவில்லை. ஓர் அடிகூட விழாத எதிர்ப்பு அது. ஆயினும் வரியும் கடனும் நிலத்தைவிட்டு அகலவில்லை. அதற்குப் பின்னரே சூபாவில் தீ எழுந்தது. இந்த வரிசையை நீங்கள் மறத்தலாகாது. நாள் குறிப்பேட்டில் மே 12 மட்டும் எழுதி, அதற்கு முந்தைய பக்கங்களைக் கிழித்துவிட்டால் அது வரலாறு ஆகாது.

மூன்றாம் வினாவிற்கு விடை அவ்வளவு எளிதன்று. படையும் காவலும் வந்தன, பலர் தண்டிக்கப்பட்டனர். அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1878ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. 1879ஆம் ஆண்டில் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. பூனா, சதாரா, சோலாப்பூர், அகமதுநகர் என்னும் நான்கு மாவட்டங்களுக்கு உரியது அது. பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே ஏற்காமல், கடன் வளர்ந்த வரலாற்றையே ஆராய நீதிபதிக்கு அதிகாரம் கிடைத்தது. கடனுக்காக விவசாயியைச் சிறையிலிடுவது நின்றது. ரசீதும் கணக்கும் கொடுப்பது கட்டாயமாயிற்று. எரித்த பத்திரத்தைச் சட்டம் ஒருவாறு படித்துப் பார்த்தது எனலாம்.

ஆனால், அவ்வறிக்கை குற்றத்தை வட்டிக்காரர் தலையில் ஏற்றி, வரி உயர்வு கலகத்திற்குக் காரணமன்று என்று கூறிற்று. இங்கு நாம் சற்று நிதானித்தல் வேண்டும். கலகத்தின் குறையும் இதுவே அன்றோ? வரியை உயர்த்திய அதிகாரி தொலைவில் இருந்தார். பஞ்சின் விலையை நிர்ணயித்த சந்தை கடலுக்கு அப்பால் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய மார்வாரி, குஜராத்தி வணிகர். சினம் அவர்கள்மீதே பாய்ந்தது. அவர்களுள் கொடியவரும் இருந்திருப்பர், நேர்மையானவரும் இருந்திருப்பர். தீ கணக்குப் பார்த்து எரிப்பதில்லை. ஆளுவோர்க்கும் அது வசதியாயிற்று; மக்கள் சுட்டிய விரலின் வழியே சென்று தம் பங்கை மறைத்துக்கொண்டனர்.

சட்டம் வந்தபின்னும் வேளாண்மைக்குக் கடன் தேவைப்பட்டது. குறைந்த வட்டிக்குக் கடன் தர வேறு ஏற்பாடு வேண்டும் என்ற உணர்வு வலுப்பெற்று, 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நோய்க்கு உரிய மருந்தைத் தேடும் அப்பணியை நெருப்பு செய்திருக்க முடியாது. கணக்கும் கல்வியும் அமைப்புமே செய்ய முடியும்.

மாணவர்களே, நான் இதிலிருந்து பெறும் கருத்து இதுதான். கலகம் துன்பம் இருக்கும் இடத்தை உண்மையாகக் காட்டுகிறது; துன்பத்தின் காரணத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. ஆதலால் அதனை வெறும் வெறியென்று ஒதுக்குவதும் தவறு. அது சுட்டிய ஆளே குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் தவறு. படித்தவர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. சிரூரில் வண்டியோட்ட மறுத்தவரின் மௌனத்தை அன்றே ஒருவர் படித்துச் சொல்லி, ஆட்சியும் அதற்குச் செவி சாய்த்திருந்தால், சூபாவில் தீ எழுந்திராது. நாளை உங்களுள் பலர் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் அமர்வீர்கள். உங்கள் மேசைமேல் வரும் மனுக்களைக் காலந்தாழ்த்தாது படியுங்கள். கைந்நாட்டு இடப்பட்ட மனுவை இருமுறை படியுங்கள்.