குறி தவறுவது ஏன்?



எய்த குறி தவறிவிட்டால், பிழை கையிலா கருவியிலா என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே. பெரும்பாலும் கையின்மீதே பழியைச் சுமத்திவிடுகிறோம். நானும் ஒருமுறை அவ்வாறு செய்தேன். அதனால் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு ரைஃபிள் சங்கத்தில் இளைஞர்களின் பயிற்சியைக் கவனித்து வந்தேன். அங்கே தொலைநோக்கி பொருத்திய பழைய .22 துப்பாக்கி ஒன்று இருந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி அதைக் கொண்டு 50 மீட்டர் தூரத்து இலக்கில் பழகி வந்தாள். குண்டு ஒருமுறை மேலே பாயும். மறுமுறை வலப்புறம் ஒதுங்கும். "மூச்சை அடக்கு, பதறாமல் விசையை அழுத்து" என்று மூன்று வாரம் கடிந்துகொண்டேன். தொலைநோக்கியின் திருகுகளையும் அடிக்கடி மாற்றி வைத்தேன். ஒரு நாள் அவள், "எனக்கு இது வராது சார், நாளையிலிருந்து வரவில்லை" என்று கூறிக் கண் கலங்கினாள்.

சங்கத்தின் ஆயுதங்களைப் பேணி வந்தவர் படையில் பணிபுரிந்த பெரியவர். அவர் துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தொலைநோக்கியைக் கட்டை விரலால் மெல்லத் தள்ளினார். அது மயிரிழை அளவு அசைந்தது. "பிள்ளையின் கையில் குறையில்லை ஐயா, இதன் கால்தான் ஆடுகிறது" என்றார். நான் வெட்கித் தலை குனிந்தேன்.

மயிரிழை அசைவு இத்தனை கேடு செய்யுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைநோக்கியை இரண்டு வளையங்கள் தாங்குகின்றன. அவற்றிற்கிடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொள்வோம். ஒரு வளையம் மட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தாளின் கனம் அளவு, நகர்கிறது. அது இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 50 மீட்டருக்கு அப்பால் குறியும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 5 சென்டிமீட்டர் விலகிவிடும். உலகப் போட்டிகளில் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்திற்கு விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். அப்படியிருக்க, அந்தப் பெண் மூச்சை அடக்கி என்ன பயன்?

.22 என்பது குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். இத்தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் இல்லாமல், அதைச் சுற்றியுள்ள விளிம்பினுள் இருக்கிறது. ஊசி விளிம்பைத் தாக்கியதும் வெடிக்கிறது. ஆகவே இதற்கு விளிம்புத் தோட்டா என்று பெயர். இதன் உதைப்பு சிறிது. ஆதலால் இவ்வகைத் துப்பாக்கியின் மேற்புறத்தில் இரு பக்கமும் சரிவாகப் பள்ளம் வெட்டி, அதை இடுக்கிபோல் கவ்வும் தாங்கியைப் பூட்டுவதே போதுமானதாயிற்று. எங்கள் துப்பாக்கியில் அந்த இடுக்கியின் பல் தேய்ந்திருந்தது. திருகாணியின் மரையும் மழுங்கியிருந்தது.

தாங்கியை மட்டும் மாற்றினால் போதாதா? பழைய தொலைநோக்கியின் குழல் முக்கால் அங்குலம். இன்று பரவலாகக் கிடைக்கும் வளையங்களோ ஓர் அங்குலக் குழலுக்கானவை. வேறொரு குறையும் இருந்தது. துப்பாக்கியை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தினால், குறுக்குக் கம்பி இலக்கின்மீது நகர்ந்தது. பௌதிக வகுப்பில் நீங்கள் படித்த இடமாறு தோற்றப் பிழைதான் இது. பெரிய துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகள் பலவற்றில் இப்பிழை 100 கஜத் தூரத்தில் நீங்குமாறு அமைத்திருப்பார்கள். விளிம்புத் தோட்டா வகைக்கு 50 கஜத்தை ஒட்டி அமைந்ததே ஏற்றது. ஆகவே இரண்டையும் மாற்றினோம்.

பெரியவர் பள்ளத்திலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். புதிய தாங்கியைப் பதித்தார். கண்ணுக்கு முழு வட்டமும் தெளியும்வரை தொலைநோக்கியை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, தூரத்தில் தூக்குக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நூலோடு குறுக்குக் கம்பியின் செங்குத்துக் கோட்டை ஒன்றச் செய்தார். கம்பி சாய்ந்திருந்தால், மேலே ஏற்றத் திருகும்போது குறி பக்கவாட்டிலும் ஓடும். கடைசியாகத் திருகாணிகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக முறுக்கினார்.

மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து, மாணவி ஐந்து முறை சுட்டாள். ஐந்து துளைகளும் நெருங்கி விழுந்திருந்தன. ஆனால் நடுவில் அல்ல. வலப்புறம் 36 மில்லிமீட்டரும் கீழே 18 மில்லிமீட்டரும் தள்ளியிருந்தன. அவள் முகம் வாடியது. பெரியவரோ மகிழ்ந்தார். ஏன்?

இங்கேதான் பாடம் இருக்கிறது. சிதறல் வேறு, விலகல் வேறு. துளைகள் சிதறினால் எங்கோ ஒன்று நிலையாக இல்லை. அந்நிலையில் திருகைத் திருப்புவது வீண். மூன்று வாரமாக நான் செய்தது அதுவே. துளைகள் ஒன்றுசேர்ந்து விலகினால், அது கணக்கிட்டுத் திருத்தத் தக்க பிழை. எங்கள் தொலைநோக்கியில் ஒரு 'டிக்' ஒலிக்குக் கால் கலை திருப்பம். ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 50 மீட்டரில் கால் கலைக்கு ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர். ஆகவே இடப்புறம் பத்து, மேலே ஐந்து. அடுத்த குண்டுகள் நடுவில் பாய்ந்தன.

"பிழை என்னுடையது அம்மா" என்று அவளிடம் சொன்னேன். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளைகளை எளிதில் திருத்தினேன். இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் தவறியவர்களையோ சோம்பேறிகள் என்றேன். அவர்களுக்குக் கீழே எந்தத் திருகாணி தளர்ந்திருந்தது என்று நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் நாளை சோதனைச் சாலையில் அளவு எடுத்தாலும், பிறருக்குக் கற்பித்தாலும், முதலில் அதைப் பாருங்கள்.